எழும்பி நிற்கும் எழுத்து: லேபிள் செய்வோருக்குப் பத்துக் குறிப்புகள்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் சேவு, கருப்பட்டி மிட்டாய், பொடி வகைகளை வீட்டிலேயே செய்து விற்கும் பெண்கள் லேபிளையும் வீட்டுக் கணினியிலேயே செய்துகொள்ளலாம். பெயர் மட்டும் முப்பரிமாணத்தில் எழும்பி நின்றால், கடையில் தொங்கும் பத்துப் பாக்கெட்டுகளுக்கு நடுவே உங்களுடையது கண்ணில் படும்.

1. இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் எழுத்து உருமாறிவிடும்.

2. தடித்த எழுத்துருவே முப்பரிமாணம் தரும் பக்கவாட்டுக் கனத்தைத் தாங்கும். பலூ தம்பி, கேட்டமரான் இரண்டும் ஏற்றவை. இவற்றின் திறந்த உரிமப்படி, விற்பனைப் பொருளின் லேபிளிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

3. எழுத்துப் பிழை பார்த்து, ஒரு நகலைத் தனியே சேமித்த பிறகே 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள் (கண்ட்ரோல், ஷிப்ட், சி). அதன்பின் எழுத்து வெறும் வடிவமாகிவிடும்; திருத்தித் தட்டச்சு செய்ய முடியாது. அடுத்து 'யூனியன்' கொடுத்து ஒரே வடிவமாக்குங்கள்.

4. கனம் கொடுக்க: கண்ட்ரோல், டி அழுத்தினால் நகல் வரும். 'எண்ட்' விசை அதை அடியில் தள்ளும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது அம்பையும் கீழ் அம்பையும் ஒருமுறை தட்டுங்கள். கடைசி நகலிலிருந்து இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடையில் திரையைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. நகரும் அளவு மாறிவிடும். முடிந்ததும் அடி நகல்களை மட்டும் யூனியன் செய்து அடர்நிறம் கொடுங்கள்.

5. கனம் எழுத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். மிஞ்சினால் 'ண', 'ழ' போன்றவற்றின் சுழியும் இடைவெளியும் அடைபடும். புள்ளி எழுத்தோடு ஒட்டி, 'க்' என்பது 'க' போலத் தெரியும்.

6. ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும். இடப்பக்க மேலிருந்து ஒளி என்றால் கனமும் நிழலும் வலப்பக்கம் கீழே. லேபிளில் உள்ள கடலைப் படத்துக்கும் அதே ஒளிதான். கோவில்பட்டியில் வாழ்ந்த காலண்டர் ஓவியர் சி.கொண்டையராஜுவின் படங்களைப் பாருங்கள். ஒளியும் நிழலும் உருவத்தை எப்படித் திரட்டித் தருகின்றன என்பது புரியும். ஃபோட்டோஷாப்பில் 'யூஸ் குளோபல் லைட்' என்பதைத் தேர்வு செய்தால் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே ஒளி அமையும்.

7. பக்கவாட்டுக்குக் கறுப்பு வேண்டாம். முகப்பு மஞ்சள் என்றால் பக்கம் வெல்லப் பழுப்பு. முகப்பு சிவப்பு என்றால் பக்கம் அடர் அரக்கு. ஒரே நிறக் குடும்பமாக இருந்தால்தான் எழுத்து திடப்பொருளாகத் தெரியும்.

8. நிஜ முப்பரிமாணம் வேண்டுவோருக்கு பிளெண்டர் இலவசம். அதில் நேரடியாகத் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறக்கூடும். இங்க்ஸ்கேப்பில் வடிவமாக்கி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, பிளெண்டரில் இறக்கி 'எக்ஸ்ட்ரூட்' அளவைக் கூட்டுங்கள்.

9. இந்த அலங்காரம் பொருளின் பெயருக்கு மட்டுமே. எடை, விலை, தயாரித்த தேதி, சேர்மானங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் தட்டையான, தெளிவான எழுத்தில் இருக்கட்டும். வாங்குபவர் நம்பிப் படிக்கும் விவரங்கள் அவை.

10. சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப். கோப்பில் நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாகப் பின்னணி விடுங்கள். மங்கலான நிழல்கள் 300 டி.பி.ஐ. அளவில் இருக்கட்டும். திரையில் பளிச்சிடும் நிறம் அச்சில் மங்கும் என்பதால், முதலில் உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்துப் பாக்கெட்டில் ஒட்டுங்கள். அதைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, வீட்டுப் பெரியவரிடம் கண்ணாடி இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கலின்றி வாசித்தால் அச்சுக்குக் கொடுங்கள். தடுமாறினால் கனத்தைக் குறையுங்கள்.