முதுமையில் தசை ஏன் தேய்கிறது?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஏறி இறங்கிய மறுநாள் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒருங்கே கால் வலிக்கிறது. பேரன் விரைவில் ஓடியாடுகிறான்; தாத்தாவுக்கு நாளாகிறது. ஏன்?

படியில், அதிலும் இறங்கும்போது, தசை உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அப்போது தசையிழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. இவற்றைச் சீர்செய்யும் விதைச் செல்கள், இழைக்கும் அதன் உறைக்கும் இடையே உறங்கிக் கிடக்கின்றன. 1961-இல் அலெக்ஸாண்டர் மவுரோ தவளைத் தசையில் இவற்றைக் கண்டு 'சாட்டிலைட் செல்' என்று பெயரிட்டார்.

காயம் பட்டதும் வெள்ளணுக்கள் வந்து சிதைவுகளை அகற்றுகின்றன. விதைச் செல்கள் விழித்து, பெருகி, இழையோடு இணைகின்றன. அதுவரை தாங்கி நிற்க, இணைப்புத் திசுச் செல்கள் கொலாஜன் என்னும் நாரால் சாரம் கட்டுகின்றன. வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது போல, வேலை முடிந்ததும் அது குறைந்துவிடும்.

முதுமையில் இந்த ஒழுங்கு தவறுகிறது. விதைச் செல்கள் குறைகின்றன. இருப்பவையும் தாமதமாக விழிக்கின்றன. அழற்சி முழுவதும் அடங்குவதில்லை. டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதம் 'நார் கட்டு, நார் கட்டு' என்று ஏவிக்கொண்டே இருக்கிறது. பிரிக்கப்படாத சாரம் தழும்பாகிறது. இடையிடையே கொழுப்பும் படிகிறது. இறுகிப்போன அந்த இடத்தில் விதைச் செல்கள் மேலும் மந்தமாகின்றன. தசையை இயக்கும் நரம்புச் செல்கள் சில மடிவதால், அவற்றை நம்பியிருந்த இழைகளும் மெலிகின்றன. இத்தேய்வுக்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'சதைக் குறைவு' என்று பொருள்.

இதைத் தடுக்க இயலாதா? 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தனர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது!

ஆகவே, 'வயதாயிற்று, சும்மா உட்காருங்கள்' என்று பெரியோரை அன்பினால் முடக்கிவிடாதீர்கள். அந்த அன்பே தசையைத் தின்னும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதே நல்ல தொடக்கம். இதய நோய், மூட்டு வலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். தசைக்குப் புரதமும் வேண்டும். பருப்பும் பாலும் முட்டையும் நம் சித்தூர் மண்ணின் வேர்க்கடலையும் அதைத் தரும்.

திருமலைப் படிகள் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டு வாசற்படியைப் பிறர் கை பிடிக்காமல் ஏறுவதே முதுமையின் பெரும்பேறு.