திராட்சை மேல் சந்தேகம், எண்ணெய் மேல் நம்பிக்கை

கொட்டையில்லாத திராட்சையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மரபணு மாத்தினதுங்க, பிள்ளைக்குக் கொடுக்காதீங்க" என்று திரும்ப வைப்பவர்களைப் பழக்கடைகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. அவர்கள் பையிலேயே ஒரு லிட்டர் சோயா எண்ணெய் பாக்கெட் இருக்கக்கூடும். மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்த உணவு எது என்று யாராவது கேட்டால், அந்தப் பாக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பயம் இடம் மாறிப் போனதால், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்பாரே இல்லை.

நம்பிக்கை: விதையில்லாத பழம், ஹைபிரிட் தக்காளி, தைவான் பப்பாளி எல்லாமே மரபணு மாற்றியவை.

ஒன்றுகூட இல்லை. தாம்சன் சீட்லெஸ் திராட்சை, இயற்கையில் தானாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தை உழவர்கள் கண்டு, குச்சி வெட்டி நட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ரகம். பாயசத்தில் போடும் கிஸ்மிஸும் அந்தக் குடும்பம்தான். அதன் உள்ளே விதை உருவாகத் தொடங்கிப் பாதியிலேயே கருகிவிடுகிறது. அந்தத் திராட்சையில் கவலைப்பட வேண்டியது பூச்சிமருந்தின் மிச்சத்துக்காக. ஆகவே நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நாம் தின்னும் வாழைப்பழத்திலும் விதை இல்லை. அதை யாரும் சந்தேகிப்பதில்லை, பழகிவிட்டது. ரெட் லேடி பப்பாளி தைவானில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு. ஹைபிரிட் தக்காளியும் அப்படியே. மரபணு மாற்றிய பப்பாளி உலகில் இருக்கிறது என்பது உண்மை: வளையப்புள்ளி வைரஸ் நோய் தோட்டங்களை அழித்த ஹவாயில் 1998-இல் அது சாகுபடிக்கு வந்தது. நம் கடைக்கு வருவது அதுவல்ல.

சட்டப்படி இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று: 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற, காய்ப்புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்தி.

நம்பிக்கை: அப்படியானால் நம் தட்டில் மரபணு மாற்று உணவே இல்லை.

இருக்கிறது. இந்தியப் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ரகங்கள். அந்தப் பருத்தியின் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் சமையலுக்கும் வனஸ்பதிக்கும் போகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வரும் சோயா எண்ணெயின் மூலப்பயிர் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது. களைக்கொல்லியைத் தாங்கும் அந்த சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-இல் அனுமதி கிடைத்தது. சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ கிட்டத்தட்டத் தங்குவதில்லை என்பதால் உடல்நலத்தின் பக்கம் பெரிய கவலை எழவில்லை. இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே.

ஆனால் மதுரையின் பருத்திப்பால்? அது எண்ணெய் அல்ல, கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால். கொட்டையின் புரதம் அதில் இருக்கும். இன்று சந்தையில் வாங்கும் பருத்திக்கொட்டை பெரும்பாலும் பி.டி. பருத்தியினுடையதாகவே இருக்கும். பால் கொதித்துக் குறுகும்போது பி.டி. புரதம் செயலிழந்துவிடும், அதனால் தள்ளுவண்டியைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. என் ஆதங்கம் வேறு. பருத்தி என்றதும் 'இது உணவுப்பயிர் இல்லையே' என்று சொல்லப்படுகிறது. மதுரைத் தெருவில் ஒரு முறை மாலையில் நடந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

நம்பிக்கை: புழுவைக் கொல்வது நம்மையும் கொல்லும்.

பி.டி. புரதம் வேலை செய்ய இரண்டு வேண்டும். குடல் காரத்தன்மையோடு இருக்க வேண்டும். குடல் சுவரில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளக் குறிப்பிட்ட ஏற்பிகள் இருக்க வேண்டும். காய்ப்புழுவின் குடலில் இரண்டும் உண்டு. நம் இரைப்பையில் அமிலம் இருக்கிறது, புரதம் அங்கே செரித்துப்போகிறது, ஏற்பியும் இல்லை. இந்தப் புரதத்தைத் தரும் பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளே பல பத்தாண்டுகளாகத் தெளித்துவருகிறார்கள்.

நம்பிக்கை: அரசாங்கமே ஆய்வுக்கூடத்தில் சோதித்துத்தான் அனுமதிக்கிறது.

இதை நம்புகிறவர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தை ஆதரிப்பவர்கள். நடைமுறை வேறு. ரகத்தை உருவாக்கும் நிறுவனமே சோதனைகளுக்கு ஏற்பாடு செய்து, செலவழித்து, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறது. அரசின் குழுக்கள் அதைப் படித்து மதிப்பிடுகின்றன. உயிரித்தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள ஆர்.சி.ஜி.எம். முதல் கட்டம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஜி.இ.ஏ.சி. அடுத்த கட்டம். இரண்டும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்குபவை. மருந்துக்கும் உலகெங்கும் இதே முறைதான். அமெரிக்காவில் இன்னும் தளர்வு: 1992 கொள்கையின்படி அங்கே உணவு மருந்து நிர்வாகத்தைக் கலந்தாலோசிப்பதே நிறுவனத்தின் விருப்பம்.

நிறுவனம் செலவழித்தது என்பதாலேயே முடிவு பொய் என்று நான் சொல்லமாட்டேன். பிரேசில் கொட்டையின் கதை அதற்குச் சாட்சி. சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் ஒரு மரபணுவைச் சேர்த்தது ஒரு விதை நிறுவனம். அந்தக் கொட்டை ஒவ்வாத மனிதர்களின் ரத்தத்தைக் கொண்டு சோதித்தபோது, சோயாவுக்குள் போன புரதமே அந்த ஒவ்வாமைக்குக் காரணம் என்று தெரிந்தது. 1996-இல் முடிவு மருத்துவ இதழில் வெளியானது; அந்த சோயா சந்தைக்கு வரவே இல்லை. புதிய புரதம் தெரிந்த ஒவ்வாமைப் பொருளை ஒத்திருக்கிறதா, செரிமான நீரில் எவ்வளவு நேரத்தில் சிதைகிறது, பயிரின் சத்தும் இயற்கை நச்சும் பழைய ரகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்ற கேள்விகள், 2003-இல் வந்த கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வழிகாட்டுதலின் அடிப்படை. 'மரபணு மாற்றம் பாதுகாப்பானதா' என்ற மொத்தக் கேள்வியை எந்தப் பொறுப்பான குழுவும் கேட்பதில்லை. இந்தப் பயிரில் இந்த மரபணு பாதுகாப்பானதா என்றுதான் கேட்கிறது.

அறிக்கையை யார் எழுதினார் என்பதைவிட, அதை யார் படிக்க முடிகிறது என்பதே எனக்கு முக்கியம். பி.டி. கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். மஹிகோ நிறுவனம் உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்தது. எலிகளுக்கு 90 நாள் உணவூட்டல் உட்பட முயல், ஆடு, கோழி, மீன், கறவை மாடு என்று சோதனைகள் நடந்தன. ஆனால் முழு அறிக்கையும் மக்கள் கண்ணில் பட்டது 2008-இல், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் நீதிமன்றத்தின் வழியாகவும் போராடிய பிறகு. 2009 அக்டோபர் 14-இல் ஜி.இ.ஏ.சி. ஒப்புதல் தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-இல் நிறுத்திவைத்தார். சார்பற்ற சோதனை இல்லாததும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 'கத்தரிக்காய் விஷம் என்று நிரூபணமானது' என்று இன்றும் பகிரப்படுவது பொய். 'வெறும் அரசியலால் முடங்கியது' என்பதும் முழு உண்மை அல்ல. வங்கதேசம் அதே கத்தரிக்கு 2013-இல் அனுமதி தந்து, மறு ஆண்டு உழவர்களிடம் கொடுத்தது.

தொழில்நுட்பத்தை வளர்க்கும் துறையிடமே அதைக் கண்காணிக்கும் முதல் குழுவும் இருப்பது சரியல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான பணிக்குழு தனி ஆணையம் வேண்டும் என்று 2004-லேயே பரிந்துரைத்தது. 2013-இல் மசோதாவும் வந்தது. மறு ஆண்டு மக்களவையோடு காலாவதியானது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தும், மரபணு மாற்று உணவுக்கான வரைவு விதிகள் 2021 நவம்பரில்தான் வெளியாயின. ஒரு சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்றது அந்த வரைவு. ஐரோப்பாவில் அந்த எல்லை 0.9 சதவீதம்.

நம்பிக்கை: எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

கட்டிகளோடு எலிகள் இருக்கும் அந்தப் படங்கள் 2012-இல் பிரான்சில் செராலினி குழு வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தவை. வயதாகும்போது தாமாகவே கட்டி வரும் எலி வகை அது. ஒவ்வொரு பிரிவிலும் எலிகளும் மிகக் குறைவு. 2013-இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பின்னர் வேறோர் இதழ் அதை மறுபதிப்பு செய்தது. அந்தத் தரவிலிருந்து அந்த முடிவுக்கு வர முடியாது.

நம்பிக்கை: மரபணு திருத்திய அரிசிக்கும் இதே சோதனைகள் உண்டு.

இல்லை. வெளியிலிருந்து மரபணு எதையும் சேர்க்காமல், பயிரின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் செய்த ரகங்களை 2022 மார்ச்சில் மத்திய அரசு ஜி.இ.ஏ.சி. அனுமதியிலிருந்து விலக்கியது. 2025 மே மாதம் அப்படி இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, நம் வயல்களிலும் நன்கு அறியப்பட்ட பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கியது. அந்நிய மரபணு எதுவும் மிச்சமில்லை என்பதை உருவாக்கிய நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு சரிபார்த்து, ஆர்.சி.ஜி.எம்.-க்குத் தெரிவிக்கிறது. இத்தகைய சிறு திருத்தம் இயற்கையிலும் நிகழக்கூடியது; விலக்குக்கு அறிவியல் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அரிசி நாம் மூன்று வேளையும் உண்பது. அந்தக் குழு எதைப் பார்த்து முடிவு செய்தது என்ற கோப்பு, விதை உழவன் கைக்குப் போகும் முன்பே, யாரும் வழக்குப் போடாமலே இணையத்தில் முழுவதுமாக வெளியாக வேண்டும்.