மீன் தொட்டி வாங்கும் முன் குடக் கணக்கு



இந்த மாதப் பாடம் வண்ண மீன் தொட்டி பற்றியது. "இதுல என்ன மேடம் பாடம்? கடையில போய் வாங்கி வச்சா முடிஞ்சது" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நம் உறுப்பினர் ஒருவர் விலை கொடுத்தார்.

அவர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். கப்பி, மோலி மீன் வளர்த்துப் பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று குழுவில் உள்கடன் வாங்கினார். இரண்டடித் தொட்டி போதும் என்றுதான் முதலில் சொன்னார். "பெருசா வாங்குங்க, அப்பதான் பார்வையா இருக்கும்" என்று சொன்னது நான்தான். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி வந்தது. வீட்டில் இருந்த பழைய மர பெஞ்சின் மேல் வைத்தார். மண் தரை. நான்காம் நாள் இரவு பெஞ்சின் ஒரு கால் தரையில் இறங்கியது, அடிக்கண்ணாடி விரிந்தது. வீடெல்லாம் தண்ணீர், கண்ணாடித் துண்டு. பிள்ளைகள் அன்று பாட்டி வீட்டில் படுத்திருந்தார்கள். மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடன் தவணை மட்டும் மிஞ்சியது.

அந்த பெஞ்சின் மேல் எவ்வளவு எடை இருந்தது என்று அவரும் கணக்குப் போடவில்லை, நானும் போடவில்லை. இப்போது போட்டுப் பார்ப்போம்.

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நாம் தூக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பக்கம் வரும். ஆக ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய இரண்டு குடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் வாங்கிய தொட்டி: 3 x 1 x 1½ = நாலரை கன அடி. ஒன்பது குடம். தண்ணீர் மட்டும் 126 கிலோ. கண்ணாடி 20 கிலோ, இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பிய கூழாங்கல் இன்னொரு 20 கிலோ. தண்ணீரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினாலும் 150 கிலோவுக்குக் குறையாது. மூன்று சிமெண்ட் மூட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக அந்த பெஞ்சில் அடுக்கியிருப்போமா?

2 x 1 x 1 அடித் தொட்டி என்றால் நாலு குடம், 56 கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 75 முதல் 80 கிலோ. ஆரம்பிப்பவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பத்துப் பதினைந்து கப்பி தாராளமாக இருக்கும். தங்கமீன் மட்டும் வேறு கதை. அது பெரிதாக வளரும், அழுக்கும் அதிகம் போடும். இரண்டடித் தொட்டியில் இரண்டுக்கு மேல் விடாதீர்கள்.

உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மீனுக்கு வேண்டிய காற்று தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் கலக்கிறது. அதனால் ஒரே அளவு தண்ணீர் பிடித்தாலும் ஒல்லியாக உயர்ந்த தொட்டியைவிட நீளமான தொட்டியில்தான் மீன் நன்றாக இருக்கும். இன்னொன்று, தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் வேகம் ஆழத்தைப் பொறுத்து ஏறும். ஓரடி உயரத்துக்கு 5 மில்லி கண்ணாடி தாங்கும். ஒன்றரை அடி உயரம், நாலடி நீளம் என்று போனால் 10 மில்லி கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று கடைக்காரர் சொன்னால் டேப்பை எடுத்து கண்ணாடி ஓரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி வைக்கும் இடம். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தொட்டியெல்லாம் இரும்பு ஸ்டாண்டில் இருக்கும். நாமும் வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் கம்பியில் ஸ்டாண்ட் அடித்துக்கொள்வதுதான் நல்லது. தொட்டியின் அடிப்பக்கம் முழுவதும் ஸ்டாண்டின் மேல் உட்கார வேண்டும், ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. மேலே பலகை, பலகைக்கு மேல் தெர்மாகோல் அட்டை, அதன் மேல் தொட்டி. மண் தரை, சாணம் மெழுகிய தரை என்றால் கால்களுக்கு அடியில் கடப்பா கல் கட்டாயம். மாடியில் வைப்பதாக இருந்தால் சின்னத் தொட்டி மட்டும், அதுவும் சுவர் ஓரமாக. பெரியது என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

ரசமட்டம் இல்லையே என்று கவலை வேண்டாம். தொட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றி, நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் தொட்டி சாய்ந்திருக்கிறது. தண்ணீரை இறைத்துவிட்டு ஸ்டாண்டின் காலைச் சரி செய்யுங்கள். தண்ணீரோடு நகர்த்தவே கூடாது. புதுத் தொட்டியை முதலில் வாசலில் சமதரையில் வைத்து, நிரப்பி, ஒரு நாள் கசிவு பார்த்த பிறகு உள்ளே கொண்டு போங்கள்.

காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியாக மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

எடையைத் தாங்கினால் மட்டும் போதாது, தண்ணீருக்கும் வழி வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு ஒரு குடம். அந்த அக்காவின் தொட்டிக்கு இரண்டேகால் குடம். சித்திரை, வைகாசியில் குடிக்கவே தண்ணீர் வராத தெருவில் இதையும் யோசித்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் வைத்திருந்து ஊற்றுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் செடிக்கு விடுங்கள், நல்ல உரம்.

அந்த அக்கா மீதித் தவணையைக் கட்டி முடித்துவிட்டு இப்போது இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறார். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கடப்பா கல். இந்த முறை டேப் பிடித்து அளந்தது அவர்தான், நான் கூட நின்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கணக்குப் போட்டு வாருங்கள்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டிக்கு எத்தனை குடம்? வாரத்துக்கு எத்தனை குடம் மாற்ற வேண்டும்? அதை உங்கள் வீட்டில் எந்த இடத்தில் வைப்பீர்கள்?