வயலூடே ஒரு வழி

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு இடையே பீக் மாவட்டம் என்னும் மலைப்பகுதி அமைந்துள்ளது. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதையில் ஈடேல் என்றொரு சிற்றூர் உண்டு. சனிக்கிழமை காலையில் அங்கே இறங்குவோர் பலரிடம் தோள்பையும் மழைச்சட்டையும் தடித்த காலணியுமே காணப்படும். அவர்கள் ஊர்களைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். இரண்டு நாள் நடந்து இளைப்பாறித் திரும்ப வந்தவர்கள்.

ஊரைக் கடந்ததும் அமைதி சூழ்கிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தாழ்ந்த சுவர்கள் பச்சைச் சரிவுகளைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஏப்ரல் திங்களில் செம்மறிக் குட்டிகள் தாயை ஒட்டி நிற்கும். மேலே ஏறினால் மரங்களற்ற பரந்த மேட்டுநிலம். கால் புதையும் கறுத்த சதுப்பு மண். ஆகஸ்டில் ஹெதர் என்னும் குறுஞ்செடி பூக்கும்போது மலைச்சரிவுகள் ஊதா நிறம் கொள்ளும். இங்கு உயர்ந்த இடம் கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர். அதன் விளிம்பில் ஓர் அருவி உண்டு. மேல்காற்று வலுத்து வீசினால், கீழே விழ வேண்டிய நீர் மேல்நோக்கிச் சிதறும்.

புதிதாக வருவோரை வியக்க வைப்பது வேறொன்று. நடைவழி, உழவர் ஒருவரின் சொந்த வயலின் நடுவே செல்கிறது! சுவர் குறுக்கிடும் இடத்தில் ஏறிக் கடக்கப் படிகள் உள்ளன. மஞ்சள் நிற அம்புக்குறி வழிகாட்டுகிறது. யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. நிலம் உழவருடையது, அவ்வழியே நடக்கும் உரிமையோ எல்லாருக்கும் உரியது. அவ்வழியை மறித்து வேலியிட அவரால் இயலாது. நடப்பவர்களும் மூடியிருந்த கதவைத் திறந்தால் மீண்டும் மூடிவிட்டுச் செல்ல வேண்டும். ஆடுகளின் அருகே நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும்.

ஆனால், மேட்டுநிலம் நெடுங்காலம் மக்களுக்குத் திறந்திருக்கவில்லை. செல்வர்கள் அதனைக் கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையை வேட்டையாடும் இடமாக வைத்திருந்தனர். ஆண்டில் ஒருசில நாள்களே நடக்கும் வேட்டைக்காகக் காவலர்கள் ஆண்டு முழுவதும் மக்களை விரட்டினர். மான்செஸ்டரோ பஞ்சாலைப் புகை மண்டிய நகரம். (கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்பது இதனால்தான்.) ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்தில் கிடைத்த முழுநாள் ஓய்வு ஞாயிறு ஒன்றே. அன்று தூய காற்றைத் தேடி அவர்கள் சென்ற மலை, கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாததாய் இருந்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேபீல்டு என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கிண்டர் ஸ்கவுட்டை நோக்கி நடந்தனர். அவர்களை வழிநடத்தியவர் பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர். வழியில் காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. எனினும் மேட்டுநிலத்தை அடைந்தனர். திரும்பியபோது சிலர் கைது செய்யப்பட்டனர். பிறர் நிலத்தில் நுழைவது மட்டுமே அந்நாளில் சிறைக்குரிய குற்றம் அன்று. ஆகவே கலகம், தாக்குதல் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டன. ராத்மன் உள்ளிட்ட ஐவர் சிறை சென்றனர்.

நடைப்பயணச் சங்கங்களே இச்செயலை அந்நாளில் ஏற்கவில்லை. பேசிப் பெற வேண்டியதை இவர்கள் கெடுத்துவிட்டனர் என்று அவை கருதின. ஆனால், பேச்சு மட்டும் எவ்வளவு பயன் தந்தது? மலைகளில் நடக்கும் உரிமை கோரும் மசோதா 1884ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்துக்கு வந்து, நிறைவேறாமல் போயிருந்தது. இளைஞர்களுக்குக் கிடைத்த சிறைத்தண்டனையே மக்களின் பரிவை அவர்கள் பக்கம் திருப்பியது.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. 1951இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965இல் ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைவரை செல்லும் ‘பெனைன் வழி’ என்னும் நெடுநடைவழி திறக்கப்பட்டது. மலைகளிலும் மேட்டுநிலங்களிலும் தடையின்றி நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

2002 ஏப்ரலில் அந்நடைப்பயணத்தின் எழுபதாம் ஆண்டு விழா நடைபெற்றது. அன்று நிலவுடைமையாளராய் இருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரன் அவ்விழாவுக்கு வந்து, தம் பாட்டனாரின் செயலுக்காக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. அவ்வாண்டு சனவரியில்தான் அவர் காலமாகியிருந்தார்.

சொல்லும் பொருளும்
இசைவு – அனுமதி
மேல்காற்று – மேற்கிலிருந்து வீசும் காற்று
பரிவு – இரக்கம்
கோமகன் – உயர்குடிப் பட்டம் பெற்றவர்

பயிற்சி
1. ‘கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாத’ என்னும் தொடரை விளக்குக.
2. வயல்வழியில் நடப்பவர்க்குரிய கடமைகள் யாவை?
3. நடைப்பயணச் சங்கங்களின் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து ஐந்து தொடர்களில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: வயலூடே, நெடுங்காலம், இவ்வழி.