பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடும் முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புதுச்சேரி நேரு வீதியின் பில் கவுண்டர்கள் முதல் ஆடிட்டர் அலுவலகங்கள் வரை, பழைய சிஸ்டத்தைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்பதுதான் பேச்சு. அவசரத்தில் சொல்லப்படுபவை சில:

நம்பிக்கை: தேதி முடிந்தால் சிஸ்டமும் முடிந்தது.

உண்மை: கணினி வழக்கம்போல ஓடும், நிற்பது பாதுகாப்புத் திருத்தங்கள். வீட்டுக் கணினிகளுக்கு அவற்றை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டம் உண்டு. அலுவலகங்களுக்குத் தனிக் கட்டணம், அதுவும் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: விண்டோஸ் 11 ஏறவில்லையா? போர்டையே மாற்ற வேண்டும்.

உண்மை: விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல போர்டுகளில் உள்ளேயே இருக்கிறது; பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிப் பாருங்கள். பிராசசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் வழியில்லை. உலாவியில் மட்டும் வேலை நடக்கும் இடத்தில் அந்தக் கணினிக்கும் லினக்ஸ் போதும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்தியாவுக்கென்றே வந்தது. டேலி கணக்கு மென்பொருள் வேண்டுமென்றால் விண்டோஸ்தான்.

நம்பிக்கை: மெதுவாகிவிட்டால் ஆயுள் தீர்ந்தது.

உண்மை: முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பல கணினிகள் மறுபடி சுறுசுறுப்பாகும். கடற்கரைப் பக்கத்து அலுவலகம் என்றால் உப்புக் காற்றில் இணைப்புகள் துருப்பிடித்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். போர்டே அரித்திருந்தால் அதற்குமேல் செலவழிப்பது வீண் என்பேன்.

நம்பிக்கை: 20-ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கலாக வேண்டும், அதனால் இன்றே புது சிஸ்டம்.

உண்மை: மிகவும் பணத்தை விழுங்குவது இந்தப் பதற்றம்தான். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி கெடு. தவறினால் வரி உள்ள கணக்குக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், செலுத்தாத வரிக்கு 18 சதவீத வட்டி. ஆனால் தாக்கல் நடப்பது ஜிஎஸ்டி இணையதளத்தில். உங்கள் மேசைக் கணினிக்கு அதில் பங்கில்லை. உங்களுக்குத் தேவை டேலி தரவு மட்டும். அதை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். உரிமமுள்ள டேலி இருக்கும் வேறொரு கணினியில் திறந்து, கடைசி வவுச்சர்வரை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பவே கூடாது. ஆடிட்டரின் லேப்டாப்பிலிருந்தே தாக்கல் செய்துவிடலாம். பார்மெட், போர்டு மாற்றம், புதுக் கணினிக்கான கொட்டேஷன் எல்லாம் 21-ஆம் தேதிக்குப் பிறகு.