கிளையில் பிறக்கும் புத்தாக்கம்

எள் என்றால் எண்ணெயாக நிற்பவரே நல்ல பணியாளர் என்பர். பன்னாட்டு நிறுவனங்களின் கிளைகளையும் உலகம் நெடுங்காலம் இவ்வாறே எண்ணி வந்தது. தலைமையகம் சிந்திக்கும், கிளை செய்து முடிக்கும். இந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வாளர்களுள் ஒருவர் ஜூலியன் பர்கின்ஷா. அனைத்துலக வணிகத் துறை அறிஞரான இவர், லண்டன் வணிகப் பள்ளியில் பல்லாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றியவர். பட்டம் பெற்றபின் நம்மில் பலர் இத்தகைய கிளைகளில்தான் பணியில் அமர்கிறோம். ஆகவே, இவரது ஆய்வை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

முன்முயற்சியின் வகைகள்

அமெரிக்க நிறுவனங்களின் கனடா நாட்டுக் கிளைகளை பர்கின்ஷா ஆராய்ந்தார். அங்கு எழுந்த 39 முன்முயற்சிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1997இல் வெளிவந்தது. கட்டளைக்குக் காத்திராமல் கிளை தானே ஒரு வாய்ப்பைக் கண்டறிந்து செயலில் இறங்குவதே முன்முயற்சி எனப்படுகிறது. அதனை அவர் நான்காகப் பிரிக்கிறார்.

முதலாவது, உள்ளூர் வாடிக்கையாளரின் தேவையிலிருந்து பிறப்பது. இரண்டாவது, உலகச் சந்தையில் காணும் வாய்ப்பிலிருந்து பிறப்பது. மூன்றாவது, நிறுவனத்துக்குள்ளேயே தோன்றுவது. வேறொரு தொழிற்சாலை அதிகச் செலவில் செய்யும் பொருளை 'நாங்கள் இதைவிடச் சிறப்பாகச் செய்வோம்' என்று கேட்டுப் பெறுவது இவ்வகையைச் சாரும். நான்காவது கலப்பு வகை. நிறுவனம் புதிய முதலீடு ஒன்றைத் திட்டமிடும்போது, உலகச் சந்தைக்கான அப்பணியைத் தன்னிடம் தருமாறு கிளை போட்டியிடுவது இது.

முதல் இரண்டு வகைகளில் கிளைக்கு ஓரளவு தன்னுரிமை வேண்டும். பின்னிரண்டு வகைகளிலோ தலைமையகத்தின் ஒப்புதல் தொடக்கத்திலேயே தேவைப்படும். அதைப் பெறக் கிளைக்கு நற்பெயர் வேண்டும். அந்த நற்பெயர் முன்பு செய்து காட்டிய வேலையால்தான் வரும்.

சிங்கப்பூர் தரும் பாடம்

பர்கின்ஷாவின் கருத்துக்கு நம் அண்டை நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. ஹியூலட் பேக்கார்ட் நிறுவனம் 1970இல் சிங்கப்பூரில் தொழிற்சாலை திறந்தது. குறைந்த செலவில் மின்னணு உதிரிப் பாகங்கள் செய்வதே அதன் வேலை. 1981இல் 41சி எனும் கையடக்கக் கணிப்பானின் தயாரிப்பு அங்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவில் ஆன செலவைவிடக் குறைந்த விலை விதிக்கப்பட்டது. அந்த விலையில் இலாபம் காண வேண்டுமானால் கணிப்பானையே மறுவடிவமைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நிர்வாகிகள் உணர்ந்தனர். 20 பொறியியலாளர்கள் அமெரிக்கா சென்று ஓராண்டு பயின்று திரும்பினர். தயாரிப்புச் செலவு பாதியாகக் குறைந்தது. 1983இல் கணிப்பான் தயாரிப்பு முழுவதும் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1990இல் ஜப்பானியச் சந்தைக்காக அச்சுப்பொறி ஒன்றை அவர்கள் மறுவடிவமைத்தனர். அது விற்பனையில் தோற்றது. அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. மறுவாய்ப்பு கேட்டு வாதாடினர். 1991இல் கிடைத்த இரண்டாம் வாய்ப்பில் வெற்றி கண்டனர். முன்பு ஈட்டிய நம்பிக்கை இல்லையென்றால் அந்த இரண்டாம் வாய்ப்பு கிட்டியிருக்குமா?

எதிர்ப்புச் சக்தி

எல்லா முன்முயற்சிகளும் வரவேற்கப்படுவதில்லை. உடலுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதுபோல் நிறுவனத்துக்கும் உண்டு என்று பர்கின்ஷாவும் யோனஸ் ரிடர்ஸ்ட்ராலேயும் 1999இல் எழுதினர். புதியதைக் கண்டால் ஐயம், மாற்றத்தில் விருப்பமின்மை, தாய்நாட்டில் உள்ளவர்களுக்கே எல்லாம் தெரியும் என்னும் மனப்பான்மை ஆகியவை சேர்ந்து கிளையின் யோசனையைத் தள்ளிப்போடும் அல்லது நிராகரிக்கும். எனினும், இந்தச் சக்தி முற்றிலும் தீயதன்று. தன் அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளவே சில கிளை நிர்வாகிகள் திட்டம் தீட்டுவதும் உண்டு. அவற்றை வடிகட்ட ஒரு தடை தேவைதான்.

நமக்கு என்ன?

1972இல் இன்டெல் பினாங்குக்கு வந்தபோது அது பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலைதான். பின்னர் அங்கு வடிவமைப்புப் பணிகளும் வேரூன்றின. பொருத்துவதை மட்டும் அறிந்த கிளையைச் சம்பளம் குறைவான வேறொரு நாட்டுக்கு எளிதில் மாற்றிவிடலாம். பிறரிடம் இல்லாத திறமையை வளர்த்துக்கொண்ட கிளையை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. அங்கு வேலை செய்வோரின் பிழைப்பும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

எனவே, நாளை இத்தகைய நிறுவனங்களில் சேரும் மாணவர்கள், கொடுத்த வேலையை முதலில் செம்மையாகச் செய்து நம்பிக்கையைப் பெற வேண்டும். பின்னர் யாரும் கேளாத கேள்வியைக் கேட்க வேண்டும். முதல் முறை மறுத்தால் கூடுதல் சான்றுகளோடு மீண்டும் செல்ல வேண்டும். எள் என்று சொல்லும் வரை காத்திராமல், எள் எங்கே விளையும் என்று தேடிச் செல்பவர்களால்தான் கிளையும் வளரும், நாமும் வளர்வோம்.