மறந்துபோன கிளை

1786-ல் பினாங்கு ஆங்கிலேயர் வசமான பின், சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த நம் முன்னோரில் பலர் இங்கேயே மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்துகொண்டனர். அவ்வழி வந்தோரே ஜாவிப் பெரானாக்கான். ஊரிலிருந்த பிள்ளைகளின் பெயர்கள் வம்சாவளியில் நின்றன; இங்கிருந்தோர் பெயர்கள் பல வீடுகளில் மறைந்தன.

அக்கிளையை எங்கே தேடுவது?

முதலாவது, கடைப் பேரேடு. மாதந்தோறும் ஒரு பெண் பெயரில் பற்று எழுதியிருந்தால், அவர் யாரென்று விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, நிக்காஹ் பதிவு. நீரிணைக் குடியேற்றங்களில் இதற்கான சட்டம் 1880-ல் வந்தது.

மூன்றாவது, மரண சாஸனமும் வக்ஃபுப் பத்திரமும். வாரிசுகளின் பெயர்கள் அவற்றில் கிடைக்கக்கூடும்.

நான்காவது, மீஸான் கல். ஹிஜ்ரி 1318 என்றிருந்தால், அது 1900 மே முதல் 1901 ஏப்ரல் வரையிலான காலம்.

எழுத்து மாற்றம் கண்டு திகைக்க வேண்டாம். மரைக்காயரே இங்கு மெரிக்கான் ஆயிற்று.

இது வெறும் பழங்கதையன்று. எந்த மனைவி பெற்ற பிள்ளையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தகப்பன் சொத்தில் ஷரீஅத் விதித்த பங்குண்டு. கேட்க ஆளில்லை என்பதால் பங்கு இல்லாமற் போகாது. ஆகவே, பழைய பேரேட்டை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக!